ஹார்ட் டிஸ்க்கை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பாவின் மணிவிழா வீடியோ, தங்கை கல்யாணப் படங்கள், 2011 முதல் வீட்டில் எடுத்த எல்லாமே ஒரே ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. இன்னொரு பிரதி எடுத்து வைக்காதது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். அப்பா இப்போது இல்லை. அதனால்தான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

போன மாதம் டிஸ்க் மெதுவாகிவிட்டது. ஃபோல்டரைத் திறந்தால் ஐந்து நிமிடம் சுற்றும், சில படங்கள் பாதியில் நின்றுவிடும். சத்தம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி செருகிப் பார்த்துவிட்டு, "பேட் செக்டர்ண்ணே. சாஃப்ட்வேர் போட்டா சரியாயிடும். டேட்டா எங்கயும் போகாது" என்றார். செக்டர் என்பது டிஸ்க்கில் டேட்டா இருக்கும் சின்னச் சின்ன இடம், படிக்க முடியாமல் கெட்டுப்போனது பேட் செக்டர். 2,800 ரூபாய், முன்பணம் 500. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

மூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளின் படம், அதில் நீல நிறத்தில் 'குட்' என்று இருந்தது. நம்பி மீதிப் பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டில் செருகினால் டிஸ்க் காலி! கூடவே 'டிக், டிக்' என்று புதிதாக ஒரு சத்தம். கேட்டதற்கு, "ஃபார்மட் பண்ணாதான்ணே ரிப்பேர் ஆகும், சொன்னேனே" என்றார். அவர் சொல்லவே இல்லை.

அப்புறம் மச்சானுக்குத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். டேட்டா ரெகவரி மட்டுமே செய்கிறவர். அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "இது உங்க டிஸ்க்தானா?" வீட்டில் இருந்த பழைய அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தோம். சீரியல் நம்பர் வேறு. ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த டிஸ்க் மொத்தம் 212 மணி நேரம்தான் ஓடியிருந்தது, என்னுடையது எட்டு வருடமாக ஓடுவது. வேறு யாருடைய நல்ல டிஸ்க்கின் படத்தையோ எனக்கு அனுப்பிக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதையும் அவர் விளக்கினார். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் போனால் அது சி5 கணக்கில் ஏறும். டிஸ்க் அதை உடனே கைவிட்டுவிடாது, அந்த இடத்தில் யாராவது புதிதாக எழுதும் வரை காத்திருக்கும். எழுத முடிந்தால் அந்தச் செக்டர் கணக்கிலிருந்து நீங்கிவிடும். முடியாவிட்டால் உதிரியாக வைத்திருக்கும் வேறு செக்டருக்கு மாற்றிவிட்டு 05-இல் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். பேட் செக்டரைச் சரிசெய்வதாகச் சொல்லும் மென்பொருள்களில் பல, அந்த இடத்தின் மேல் வேறு எதையாவது எழுதித்தான் 'சரி' செய்கின்றன. செக்டர் சரியாகிவிடும், அங்கே இருந்த என் அப்பாவின் படம் போய்விடும். இதைத் தெரிந்தவர்கள் மறைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

விண்டோஸில் இருக்கும் செக்டிஸ்க் கட்டளையையும் இதற்கு நம்ப வேண்டாம். அது ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, ஒழுங்குபடுத்துவதற்கானது, படங்களைக் காப்பாற்றுவதற்கானது இல்லை. டிஸ்க்கைப் படிக்கிற முனையான ஹெட் பலவீனமாக இருக்கும்போது டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்க வைத்தால், ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகலாம். எனக்கு அந்த 'டிக், டிக்' வந்தது மூன்று நாள் ஓட்டியதால்தான் என்பது அவர் கணிப்பு.

அவர் என் டிஸ்க்கில் எதையும் எழுதவில்லை. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலால் இன்னொரு புது டிஸ்க்குக்கு அப்படியே பிரதி எடுத்தார். அது நன்றாகப் படிக்க வருகிற இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, மக்கர் செய்கிற இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவிடுமாம். எதுவரை எடுத்தது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆறு நாள் ஆயிற்று. அந்தப் பிரதியின் மேல்தான், அழிந்த படங்களைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் என்ற நிரலை ஓட்டினார். கடையில் செய்தது ஃபைல் கணக்கை மட்டும் புதிதாக்கும் குவிக் ஃபார்மட் என்பதால் கொஞ்சம் பிழைத்தது. முழு ஃபார்மட் செய்திருந்தால் விண்டோஸ் எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுதியிருக்கும், ஒன்றும் மிஞ்சியிருக்காது. படங்கள் பெயரும் தேதியும் இல்லாமல் வெறும் எண்களாக வந்தன. பல படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம்.

உங்கள் டிஸ்க் மெதுவானால் தயவுசெய்து முதலில் கழற்றி வையுங்கள். சும்மா திறந்து திறந்து பார்க்காதீர்கள். கொடுக்கும் முன் மேலே ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "முதலில் முழுப் பிரதி எடுப்பீர்களா, என் டிஸ்க்கில் எதையாவது எழுதுவீர்களா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். 'டிக், டிக்' சத்தம் ஏற்கெனவே இருந்தால் அது பெரும்பாலும் இயந்திரக் கோளாறு, எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது. டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யத் தூசியில்லாத அறை வைத்திருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். பில் இல்லாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். பில் இல்லாததால், வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் ஆதாரமாக வைத்திருக்கிறேன். தங்கையின் கல்யாணப் படங்களில் முக்கால்வாசி கிடைத்துவிட்டன. மணிவிழா வீடியோ 11 நிமிடம் ஓடுகிறது, அப்பா மாலை மாற்றக் கையைத் தூக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது.