சார்ஜரைச் சொருகினால் 400 மெகாஹெர்ட்ஸ்: எட்டாம் தலைமுறை ஐ5, லினக்ஸ், நீண்ட நாள் அனுபவம்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில், கம்பெனிகள் கழித்துவிட்ட, இன்டெலின் எட்டாம் தலைமுறை ஐ5 பிராசஸர் உள்ள லேப்டாப்களின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. ஈஜிபுராவில் இருக்கும் நண்பர், மகளின் படிப்புக்கு ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். என்னிடம் இருப்பதும் அதே மாடல்தான். பல வருடமாக உபுண்டு என்கிற லினக்ஸில் ஓடுகிறது. ரேம், திரை பற்றியெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம்.

இந்தப் பிராசஸரின் வேகம் 400 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். வேலைக்குத் தகுந்தபடி அதை ஏற்றி இறக்குவது லினக்ஸில் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவரின் பொறுப்பு. 2013இல், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 3.9 பதிப்போடு வந்த டிரைவர் அது. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டில் கரண்ட் போய் வந்தால், அல்லது சார்ஜரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினால், பிராசஸரின் எல்லா கோரும் 400 மெகாஹெர்ட்ஸில் போய் உட்கார்ந்துவிடும். பிரவுசரில் ஒரு பக்கத்தை உருட்டினால்கூட இழுக்கும். ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகும், பல சமயம் ஆகாது.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, எவ்வளவு வேகம் வேண்டும் என்று தீர்மானிக்கும் கவர்னர் என்கிற அமைப்பைப் பவர்சேவிலிருந்து பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்று என்பதுதான். இந்தக் கோளாறுக்கு அது உதவாது. கவர்னர் வேகத்தைக் கேட்கத்தான் முடியும், கொடுப்பது பிராசஸர். பிராசஸரின் நிலையைக் காட்டும், கெர்னல் சோர்ஸோடு வரும் டர்போஸ்டாட் கருவியை ஓட்டியதும் காரணம் பளிச்சென்று தெரிந்தது: ப்ரோச்சாட். அதாவது, சூடு எல்லை மீறிவிட்டது என்கிற சிக்னல். பிராசஸரோ குளிர்ந்து கிடந்தது. சிக்னல் வெளியிலிருந்து, மதர்போர்டிலிருந்து வந்தது. இது எந்த சார்ஜர் என்று சொல்ல அதன் நடு பின் வழியாக வரும் அடையாளத்தைப் படிக்க முடியாவிட்டால், மதர்போர்டில் பவரைக் கவனிக்கும் சிப்பான எம்பெடட் கன்ட்ரோலர் அந்தச் சிக்னலை எழுப்பிவிடுகிறது.

தெரியாத சார்ஜர் போதுமான பவர் தராமல் போகலாம், அதனால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது நியாயமான யோசனைதான். சரி, குறைக்கட்டும். 3.4 கிகாஹெர்ட்ஸ் போகக்கூடியதை 400இல் கட்டிப்போட்டுவிட்டு, ஏன் என்று திரையில் ஒரு வரிகூடக் காட்டாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள். காரணம் தெரியாத ஒருவர் அந்தப் பணத்தைக் கொடுத்திருப்பார். அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

பிராசஸருக்குள் அமைப்புகளை வைத்திருக்கும் எம்எஸ்ஆர் பதிவேடு ஒன்றில் ஒரே ஒரு பிட்டை அணைத்தால், வெளியிலிருந்து வரும் அந்தச் சிக்னலைப் பிராசஸர் கண்டுகொள்ளாது. உடனே வேகம் திரும்பிவிடும். ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் ஃபர்ம்வேர் பிட்டைப் பழையபடி வைத்துவிடும், அதனால் தானாக ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ் ஒன்று எழுதி ஒவ்வொரு முறையும் அணைக்க வேண்டும். கையொப்பமிட்ட சிஸ்டத்தை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கினால் இதற்கும் வழியில்லை, கெர்னல் 5.4இல் வந்த லாக்டவுன் என்கிற பாதுகாப்புப் பூட்டு தடுத்துவிடும். மதர்போர்டின் பவர் பகுதி உண்மையாகவே சூடானாலும் பிராசஸருக்குச் சேதி போகாது என்பதால், இதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

கடைசியில் எஸ்.பி. ரோட்டு மெக்கானிக் ஒருவர், சார்ஜர் சொருகும் டிசி ஜாக்கைக் கழற்றிக் காட்டினார். அடையாள ஒயர் தேய்ந்து தொட்டும் தொடாமலும் இருந்தது. ஜாக்கை மாற்றினார். இப்போது கரண்ட் போய் வந்தாலும் வேகம் ஒழுங்காக ஏறி இறங்குகிறது, கெர்னல் கம்பைல் செய்யும்போதும் தொய்வில்லை. இதன் கீபோர்டுக்கு ஈடாக நான் வேறொன்று பார்த்ததில்லை. இதை விற்கப்போவதும் இல்லை.

ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். பரீட்சை நேரத்தில் அந்தப் பெண் டர்போஸ்டாட்டோடு மல்லுக்கட்டக் கூடாது. அப்படியும் விலைக்காக வாங்குவதென்றால், கடையிலேயே பென்டிரைவில் உபுண்டுவைப் பூட் செய்து, ஏதாவது கனமான வேலையை ஓடவிட்டு, சார்ஜரை நாலைந்து தடவை பிடுங்கிச் சொருகி வேகத்தைப் பார்க்கட்டும். ஒரு தடவை 400இல் நின்றாலும் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கட்டும்.