குஞ்சுகளின் குடல் தொல்லை: புழு மருந்தா, இரத்தக் கழிச்சல் மருந்தா?

இறக்கையைத் தொங்கவிட்டு, கண்களைப் பாதி மூடி, தீவனத் தட்டின் அருகிலேயே ஒடுங்கி நிற்கும் குஞ்சைக் கண்டதும் கொல்லைப்புறத்தில் கோழி வளர்க்கும் பலர் குடற்புழு நீக்க மருந்தையே முதலில் தேடுகிறார்கள். இரண்டு மாதம் நிரம்பாத குஞ்சுகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் இலக்குத் தவறிய சிகிச்சை என்பதே என் கருத்து. விழுங்கிய முட்டையிலிருந்து வெளிவரும் உருளைப்புழு குடலில் வளர்ந்து, தானும் முட்டையிடுவதற்கு ஏறத்தாழ 5 முதல் 8 வாரங்கள் பிடிக்கும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியோ ஒரே வாரத்துக்குள் பெருகி, குடற்சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியேறிவிடும். 3 முதல் 6 வார வயதில் திடீரெனச் சோர்வு கண்டால் முதல் சந்தேகம் ஐமீரியாவின் மேல்தான் விழ வேண்டும்.

எச்சத்தை ஒரு குச்சியால் கிளறிப் பார்ப்பது பயன்தரும். ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய சவ்வு மட்டும் தென்பட்டால் அது இயல்பாக உதிர்ந்த குடற்படலமாக இருக்கலாம்; ஆனால் கட்டிகட்டியாகச் செந்நிற இரத்தம் கலந்து, கொண்டையும் வெளுத்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. எச்சத்தில் இரத்தம் இல்லை என்பதற்காக இரத்தக் கழிச்சல் இல்லை என்றும் முடிவு கட்டிவிட முடியாது, ஏனெனில் ஐமீரியாவின் சில வகைகள் வெறும் நீர்த்த கழிச்சலையும் மெலிவையும் மட்டுமே காட்டும்.

இரத்தக் கழிச்சலுக்கான மருந்துகளில் என் முதல் தேர்வு ஆம்ப்ரோலியம். ஒட்டுண்ணிக்குத் தயமின் (பி1 வைட்டமின்) கிடைக்காமல் தடுப்பதே அதன் வேலை. ஆகவே, சோர்ந்த குஞ்சுக்குத் தெம்பூட்டுவதாக எண்ணி அதே நாள்களில் பி வைட்டமின் கலவையையும் தண்ணீரில் கலப்பது மருந்தின் பலனைக் குறைத்துவிடும். ஆம்ப்ரோலியத்தின் 9.6 சதவீதத் திரவத்தை லிட்டருக்கு 1.25 மில்லி, நோய் கடுமையாக இருந்தால் 2.5 மில்லி என்று கலந்து 3 முதல் 5 நாள்கள் கொடுத்த பின், அளவை லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 மில்லியாகக் குறைத்து மேலும் ஓரிரு வாரங்கள் தொடர்வது வழக்கம். வேறு தண்ணீர் எதுவும் குஞ்சுகளுக்கு எட்டக் கூடாது. தானாகக் குடிக்காத குஞ்சுக்கு அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். டோல்ட்ராசுரில் ஒட்டுண்ணியின் பல பருவங்களையும் தாக்கும், இரண்டே நாள்களில் முடிந்துவிடும் என்பதால் வலிமையானதுதான். ஆனால் முட்டைக்காக வளர்க்கும் பெட்டைகளுக்கு அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. சல்ஃபா மருந்துகள் பலன் தருபவையே என்றாலும், அளவு மீறினால் அவையே உள் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால் கால்நடை மருத்துவரின் மேற்பார்வையின்றி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புழு மருந்துகளின் இடம் வளர்ந்த குஞ்சுகளிடம்தான். பிப்பரசின் மென்மையானது, ஆனால் உருளைப்புழுவை மட்டுமே செயலிழக்கச் செய்யும். ஃபென்பெண்டசோல், குடலின் முட்டுப்பையான சீக்கத்தில் வாழும் சீக்கப்புழு உள்ளிட்ட வேறு உருண்டைப் புழுக்களையும் கொல்லும். உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் 5 நாள்கள் தண்ணீரில் தருவது ஒரு முறை. இறகு முளைக்கும் பருவத்தில் அது இறகின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். எச்சத்தில் அரிசி போன்ற வெண்துண்டுகள் நெளிந்தால் அது நாடாப்புழு. அதற்கு இவ்விரண்டையும் நம்பாமல் பிராசிகுவாண்டலைக் கேட்க வேண்டும். எந்தப் புழு மருந்தாலும் இரத்தக் கழிச்சல் தீராது.

பூசணி விதை, பூண்டு, வேப்பிலை ஆகியவற்றைத் தீவனத்தோடு தருவதில் பெரிய தீங்கில்லை. ஆனால் இரத்தம் கண்ட குஞ்சுக்கு அவற்றை மட்டுமே நம்பியிருப்பது பொழுதை வீணாக்குவதாகும். மருத்துவர் நுண்ணோக்கியில் எச்சத்தைச் சோதித்தால் புழு முட்டைகளும் ஐமீரியா சிஸ்டுகளும் (எச்சத்தோடு வெளியேறும், ஓடு மூடிய அதன் முட்டை போன்ற பருவம்) ஒரே பார்வையில் பிரிந்து தெரியும் என்பதால், குஞ்சு நிற்கும் நிலையில் இருக்கும்வரை இதுவே மற்ற எல்லா வழிகளையும்விட மேலானது. எந்த மருந்தைத் தேர்ந்தாலும், ஈரக் கூளத்தை அகற்றித் தரையை உலர வைப்பதும் உடன் நடக்க வேண்டும், ஏனெனில் சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அசையாத அந்தச் சிஸ்டுகள் வெதுவெதுப்பான ஈரத்தில் இரண்டு நாள்களுக்குள் தொற்றும் வலிமை பெற்றுவிடும்.