தடையா, கட்டணமா, டெபாசிட்டா? காலி பாட்டிலுக்கு மூன்று வழிகள்

மலைக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டு வருகிற பாட்டிலை என்ன செய்வது? இந்த ஒரே கேள்விக்குத் தமிழ்நாட்டில் மூன்று விதமாகப் பதில் தேடியிருக்கிறார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையே தடை செய்தார்கள். கொடைக்கானலில் 2024-இல், ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமைக் கட்டணம் என்று அறிவித்தார்கள். டாஸ்மாக் கடைகளில் கண்ணாடி பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்கிறார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடைசி வழிதான் கெட்டியானது என்று எனக்குப் படுகிறது.

முதலில் தடை. இதில் பெரிய நல்லது, பாட்டில் மலை ஏறுவதே இல்லை. குப்பையே வராதபோது பொறுக்குவதற்கும் வேலையில்லை. ஆனால் தாகம் எடுக்குமே? அதனால் நீலகிரியில் சாலையோரம் தண்ணீர் ஏடிஎம்கள் வைத்தார்கள். அவை ஓடுகிற வரைக்கும் தடை நியாயமானது. இயந்திரம் பழுதாகிக் கிடந்தால், கைக்குழந்தையோடு வந்தவர் பாட்டிலைப் பைக்குள் ஒளித்துத்தான் கொண்டுவருவார். அப்புறம் சோதனைச் சாவடி. நீண்ட வார விடுமுறையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளையெல்லாம் நிறுத்தித் துழாவிப் பார்க்க எத்தனை ஆள் வேண்டும்? தப்பி மேலே வந்த பாட்டிலுக்குத் தடைச் சட்டத்தில் மதிப்பு எதுவும் கிடையாது. பிடிபடாமல் இருக்க அதைப் பள்ளத்தில் வீசுவதுதான் வசதி.

கொடைக்கானல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 20 ரூபாய் கட்டிவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. கட்டியவருக்குப் பாட்டிலைக் கீழே கொண்டுபோக என்ன காரணம் மிச்சம் இருக்கிறது? ‘அதற்குத்தான் காசு கொடுத்தாச்சே’ என்று நினைப்பது மனித இயல்பு. உள்ளாட்சிக்குக் கொஞ்சம் வருமானம் வரும். பாட்டில் காட்டில்தான் கிடக்கும்.

இனி டாஸ்மாக். உடைந்த பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன, குறிப்பாக யானைகள் படும் பாடு பெரிது என்று சென்னை உயர் நீதிமன்றம் கவலைப்பட்டதன் பேரில், 2022 மே மாதம் நீலகிரியில் இந்தத் திட்டம் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. நீலகிரியில் விற்றதில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் திரும்பி வந்ததாக டாஸ்மாக் கணக்கு. இதில் யானைக்கு மட்டும் நன்மையில்லை. வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து குடித்துவிட்டு வயலுக்குள் வீசிய குவார்ட்டர் பாட்டில், சேற்றுக்கடியில் உடைந்து கிடக்கும். வெறுங்காலோடு நாற்று நட இறங்குகிற பெண்ணின் பாதத்தில்தான் அது ஏறும். ஒரு நாள் கூலியும் போய், ஊசிக்கும் கட்டுக்கும் செலவு செய்வது அவர்தான். குடித்தவர் எங்கோ இருப்பார்.

பத்து ரூபாய் ஏன் வேலை செய்கிறது? குடித்தவர் திருந்துகிறாரா என்பதை அது நம்பி நிற்கவில்லை. அவர் வீசிவிட்டுப் போனாலும், எடுத்துக் கொடுக்கிற யாருக்கும் அது பத்து ரூபாய். பழைய பேப்பர் கடையில் ஒரு குவார்ட்டர் பாட்டிலுக்கு ஒரு ரூபாய் கிடைத்தாலே பெரிது. அதற்காக யாரும் முள்ளுக்குள் கை விடமாட்டார்கள். பத்து ரூபாய்க்கு விடுவார்கள். ஜெர்மனியிலும் இதைத்தான் பார்க்கிறோம். அங்கே 2003-லிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் கேனுக்கும் டெபாசிட் உண்டு. இப்போது அது 25 சென்ட். கடைக்குத் திரும்பப் போக நேரமில்லாதவர்கள் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், சேகரிக்கிறவர் தொட்டிக்குள் கையை விட வேண்டாம் என்று. அந்தச் சின்ன மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நமக்கும் இது புதிதில்லை. கலர், சோடா வாங்கினால் கடையிலேயே குடித்துவிட்டுப் பாட்டிலை வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு வேண்டுமென்றால் பாட்டிலுக்குத் தனியாகக் காசு கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றிருந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பாட்டில் எதுவும் சாக்கடையில் மிதந்து நான் பார்த்ததில்லை.

டாஸ்மாக் திட்டத்தில் குறையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. டெபாசிட் வாங்கியதற்கு அடையாளமாகப் பாட்டில் பாட்டிலாக ஸ்டிக்கர் ஒட்டுவதும், நாற்றமடிக்கிற காலிகளை எண்ணி வாங்கி அடுக்குவதும் கடை ஊழியர்கள் தலையில் விழுந்தது. இடமில்லை, ஆளில்லை என்று அவர்கள் போராடியது நியாயம்தான். ஸ்டிக்கர் உரிந்த பாட்டிலுக்குப் பணம் இல்லை என்றால் மழையில் கிடந்ததைப் பொறுக்கியவருக்கு நஷ்டம். வாங்கிய கடையில்தான் தர வேண்டும் என்ற நிபந்தனை எங்கேயும் இருக்கக் கூடாது. சுற்றுலா வந்தவர் பாட்டிலை வாங்குவது ஓர் ஊரில், காலி செய்வது இன்னோர் ஊரில். ஜெர்மனியில் டெபாசிட் பாட்டில் விற்கிற பெரிய கடை எதுவானாலும், அங்கே விற்கிற அதே வகைப் பொருளில் செய்த பாட்டிலை, எங்கே வாங்கியதானாலும் எடுத்தே ஆக வேண்டும்.

சரி, இதையே தண்ணீர் பாட்டிலுக்கும் கொண்டுவந்தால் என்ன? மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோதுகூட, தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. மதுவை விற்பது ஒரே நிறுவனம், அதனால் உத்தரவு போடுவது சுலபம். தண்ணீர் பாட்டில் விற்பது தெருமுனைப் பெட்டிக்கடை. நான்கடிக்கு ஆறடி இடத்தில் காலி பாட்டிலை எங்கே குவிப்பார்? நார்வேயில் திரும்ப வாங்குகிற கடைக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் கையாளும் கூலி தருகிறார்கள். பாட்டில் தயாரிப்பவர்களுக்கு வரியும் உண்டு. திரும்பி வரும் அளவு கூடக் கூட வரி குறைந்து, 95 விழுக்காட்டைத் தொட்டால் இல்லாமலே போகும். இங்கேயும் பெட்டிக்கடைக்காரருக்குப் பாட்டிலுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை வண்டி அனுப்பி எடுத்துப் போக வேண்டும். அந்தச் செலவைக் கம்பெனிகள்தான் ஏற்க வேண்டும், கடைக்காரர் இல்லை.