வாடகை மோட்டார்ஹோமில் நியூசிலாந்து: ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, பாதி பிளம்பரும் ஆகணும்

போன வருடம் மார்ச் கடைசியில் கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு மோட்டார்ஹோமை, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டியை, 12 நாளுக்கு வாடகைக்கு எடுத்து நியூசிலாந்தின் தெற்குத் தீவைச் சுற்றி வந்தோம். நான், மனைவி, பத்து வயது மகன், அப்புறம் 68 வயது அம்மா. நாலு பேர் படுக்கிற டீசல் வண்டி, 7 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் உயரம், நாள் வாடகை 240 நியூசிலாந்து டாலர். ஒரு டாலரை ஏறக்குறைய ஐம்பது ரூபாய் என்று வைத்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், நான் பெருக்கிப் பார்த்த அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

வண்டிக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். எஞ்சினுக்கு முழு மதிப்பெண், படுக்கைக்கும் அடுப்புக்கும் சுமார், பேட்டரிக்கும் வண்டியைக் கையில் கொடுத்த விதத்துக்கும் பூஜ்யம். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். நான் சொல்லப்போகிற குறைகள் எந்தக் கம்பெனியின் பழைய வண்டியிலும் வரக்கூடியவைதான்.

வண்டி ஓட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். அங்கேயும் நம்மைப் போல் இடதுபக்கம்தான், நம் ஊர் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அதையே ஏற்றுக்கொண்டார்கள், மதுரை பைபாஸில் கார் ஓட்டியவனுக்கு அந்தக் காலி ரோடு ஒரு விஷயமே இல்லை. யாரும் சொல்லாதது வேறு: இது ஒரு வீடு, அதன் தண்ணீர்த் தொட்டி, சாக்கடை, கரண்ட், கேஸ் எல்லாம் இனிமேல் உங்கள் பொறுப்பு. வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றால் ஆள் கூப்பிடுவோம். இங்கே கூப்பிட்டால் ஆள் வர நூறு கிலோமீட்டர்.

வண்டியைக் கொடுக்கும்போது ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு, ஒரு பையன் வந்து பத்து நிமிடம் கடகடவென்று ஒப்பித்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டான். எங்களுக்குப் பின்னால் வரிசையில் மூன்று குடும்பம் நின்றது, நானும் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். அவர் சொல்லச் சொல்லப் போனில் வீடியோ எடுங்கள், ஒவ்வொரு சுவிட்சையும் அவர் முன்னாலேயே நீங்கள் போட்டுப் பாருங்கள். முன்கண்ணாடியில் புள்ளி அளவு சில்லு இருந்தாலும் காட்டிக் குறித்து வாங்குங்கள், ஜல்லி தெறித்துக் கண்ணாடி சில்லுப் போவது அங்கே சர்வ சாதாரணம். எங்கள் ஒப்பந்தப்படி விபத்து என்றால் முதல் 7500 டாலர் நம் கையிலிருந்து, அதைப் பூஜ்யமாக்க நாளுக்குத் தனிக் காசு. அந்தக் காசைக் கட்டினாலும் வண்டியின் மேற்கூரையும் அடிப்பாகமும் அதில் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது. அதனால்தான் 3.2 என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டினேன். பெட்ரோல் பங்க் கூரை, மரக்கிளை எது வந்தாலும் அம்மா முன்சீட்டிலிருந்து "மூணு புள்ளி ரெண்டுடா" என்று குரல் கொடுப்பார்.

டயரையும் பாருங்கள். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதைவிட நின்று நின்று வயசாகிச் சாவதுதான் அதிகம். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான்: டயரின் பட்டன், அதாவது தரையில் படுகிற வரிகளின் ஆழத்தை மட்டும் பார்க்காமல் வயசையும் பாருங்கள், அப்புறம் உள்பக்கச் சுவர் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் எங்கேயோ கூரை இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். உள்ளே நுழைந்ததும் ஈர வாடை அடித்து, அதை மறைக்க வாசனைத் திரவம் வேறு மாட்டியிருந்தால் அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இப்போது பேட்டரி. இந்த வண்டிகளில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்ப, இன்னொன்று வீட்டுக்கு. விளக்கு, தண்ணீர் பம்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் வீட்டு பேட்டரியின் 12 வோல்டில்தான் ஓடும். மைக்ரோவேவும் சுவர் பிளக்கும் 230 வோல்ட், அவை கேம்ப்பில் வயரை மாட்டினால்தான் உயிர் பெறும். மிக்ஸி கொண்டு போக நினைத்திருந்தால் இதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி மவுண்ட் குக் அடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில் என்கிற அரசு கேம்ப்பில் தங்கினோம். கரண்ட் கிடையாது, கழிப்பறையும் தண்ணீரும் உண்டு, எதிரே பனிமலை, தலைக்கு மேலே நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டது. டீசலில் எரிகிற ஹீட்டர்தான், ஆனால் அதைப் பற்றவைக்கவும் அதன் விசிறி சுற்றவும் பேட்டரி வேண்டும். வோல்ட் காட்டுகிற பேனலைப் பார்த்தால் வீட்டு பேட்டரி 11.4. "ஊட்டியிலகூட இப்படிக் குளிரலையேடா" என்று அம்மா போர்வைக்குள்ளிருந்து கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எஞ்சினைப் போட்டால் பேட்டரி ஏறும், ஆனால் அந்த நேரத்தில் நாற்பது வண்டிக்காரர்களை எழுப்ப மனசு வராமல் நாலு பேரும் ஒரே படுக்கையில் ஒண்டிக் கிடந்தோம். காலையில் உதவி எண்ணுக்குப் போன் போட்டால் நாங்கள்தான் விளக்கை அணைக்காமல் விட்டிருப்போம் என்று ஆரம்பித்தார்கள். அரை மணி நேர வாக்குவாதத்துக்கு அப்புறம் ட்வைசல் என்கிற ஊருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்த ஒரு நிமிடத்தில் பேட்டரி செத்துப் பல நாளாயிற்று என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். காசு கம்பெனி கட்டியது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அரை நாள் போனது போனதுதான்.

இதை வண்டி எடுக்கும் இடத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம். அங்கே வண்டி வழக்கமாகக் கரண்டில் மாட்டியே நிற்கும், அதனால் எந்தப் பேட்டரியும் நல்ல பேட்டரி போலத்தான் காட்டும். வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். எல்லா விளக்கையும் போட்டு, ஹீட்டரைப் போட்டு, குழாயைத் திறந்து பத்து நிமிடம் பேனலில் வோல்டைக் கவனியுங்கள். லெட் ஆசிட் வகை பேட்டரி எந்தச் சுமையும் இல்லாமல் சும்மா இருக்கும்போது 12.7 இருந்தால் முழுசு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போகவிட்டால் அதன் ஆயுளே குறையும். சுமை கொடுத்த உடனே சரசரவென்று இறங்கினால் வேறு வண்டி கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

சரி, கழிப்பறை. எல்லோருக்கும் இதுதான் முதல் கேள்வி. கழிவு ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் சேரும், கேசட் என்பார்கள், எங்களுடையது 18 லிட்டர் அளவு. நாலு பேருக்கு ஒன்றரை நாள்தான் தாங்கும், சிவப்பு விளக்கு எரியும் வரை காத்திருக்காதீர்கள். வெளிப்பக்கக் கதவைத் திறந்து பெட்டியை உருவி, டம்ப் ஸ்டேஷன் என்கிற கழிவு கொட்டும் இடத்துக் குழியில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது காற்று போகிற பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், அழுத்தாவிட்டால் குபுக் குபுக்கென்று தெறிக்கும். முதல் தடவை நான் அழுத்தவில்லை, அன்றைக்குப் போட்டிருந்த பேன்ட் இன்று என்னிடம் இல்லை. கழுவிவிட்டுக் கொஞ்சம் தண்ணீரும் மருந்தும் ஊற்றி வைத்தால் நாற்றம் துளியும் இருக்காது. ரப்பர் கையுறை ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேசட் அலசுகிற குழாயில் குடிதண்ணீர் பிடிக்கக் கூடாது, இரண்டும் பக்கத்து பக்கத்தில் இருந்தாலும்.

இன்னொன்று, தண்ணீர் ஊற்றும் மூடியும் டீசல் ஊற்றும் மூடியும் எங்கள் வண்டியில் ஒரே பக்கம் இருந்தன. டீசல் தொட்டியில் தண்ணீரை விட்டவர்கள் இருக்கிறார்களாம், அதற்கும் இன்சூரன்ஸ் கிடையாது என்று அந்தப் பையன் ஒப்பித்ததில் இது மட்டும்தான் எனக்கு நன்றாக ஞாபகம்.

சமையல் செய்கிற ஆட்களுக்கு ஒரு தனிப் பேச்சு. பாத்திரம் கழுவிய தண்ணீர் வண்டிக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். நம் சாப்பாட்டில் இருக்கிற எண்ணெயும் புளியும் பருக்கையும் அதற்குள் போனால் மூன்றாம் நாளே வண்டிக்குள் ஊசிப்போன வாடை வரும், எங்களுக்கு வந்தது. அதற்கப்புறம் தட்டைப் பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் கழுவினோம், சிங்க்கில் ஒரு சின்ன வடிகட்டி போட்டோம். கடுகும் வரமிளகாயும் தாளித்தால் புகை அலாரம் ஊரைக் கூட்டும், தாளிக்கும் முன் கூரை ஜன்னலைத் திறந்து கதவையும் திறந்து வையுங்கள். ராத்திரியும் அந்தக் கூரை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் நாலு பேர் மூச்சு வேர்த்துக் கண்ணாடியில் வழியாது. கேஸ் 9 கிலோ சிலிண்டர், தினம் இரண்டு வேளை சமைத்தும் 12 நாளுக்குப் போதுமானதாக இருந்தது. ஓட்டும்போது சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள். குக்கர், சாம்பார் பொடி எல்லாம் ஊரிலிருந்தே கொண்டுபோனோம். விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான் எது இருந்தாலும் அட்டையில் எழுதிக் காட்டிவிட வேண்டும், காட்டினால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், காட்டாமல் மாட்டினால் 400 டாலர் அபராதம். கறிவேப்பிலையைக் கொண்டுபோகாதீர்கள்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம் வண்டிக்குள் ஒரு சுற்று: அலமாரித் தாழ், ஃபிரிட்ஜ் தாழ், கூரை ஜன்னல், வெளிப்படி, கரண்ட் வயர். லிண்டிஸ் பாஸ் என்கிற மலைப்பாதை வளைவில் ஃபிரிட்ஜ் திறந்து தயிர் டப்பா தரையில் உருண்டு உடைந்தது, பயணம் முடியும் வரை கம்பளத்தில் அந்த மணம் இருந்தது. காற்றையும் லேசாக நினைக்காதீர்கள். டெக்கபோ பக்கம் அடிக்கிற வடமேற்குக் காற்றில் முன்கதவை விட்டால் கீலோடு பின்னால் மடங்கிவிடும், இறங்கும்போது ஒரு கை எப்போதும் கதவில் இருக்க வேண்டும்.

ரோட்டில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டி மட்டும் போகக்கூடிய ஒற்றைத் தடப் பாலங்கள் நிறைய. சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் பக்க அம்பு சிவப்பாகச் சின்னதாக இருந்தால் நின்று வழிவிட வேண்டும், நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு என்றால் உங்களுக்கு முன்னுரிமை. மேப் சொல்கிற நேரத்தோடு கால்பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் மூன்று கார் சேர்ந்தால் ஒதுங்கி விடுங்கள், அங்கே ஹாரன் அடிக்க மாட்டார்கள், ஆனால் மனசுக்குள் திட்டுவார்கள். வனாக்காவிலிருந்து குயின்ஸ்டவுனுக்குக் கிரவுன் ரேஞ்ச் மலை வழி கிட்டம்தான், ஆனால் 1076 மீட்டர் உயரம் வரை ஏறி வளைந்து இறங்க வேண்டும், இந்த வண்டிக்குக் குரோம்வெல் சுற்றிப் போவதே நிம்மதி. மில்ஃபோர்டு போகிறவர்கள் டே அனவில் டீசலை நிரப்பிவிட்டு ஏறுங்கள். அந்த வழியில் உள்ள ஹோமர் சுரங்கம் கிட்டே நின்றால் கியா கிளிகள் வந்து ஜன்னல் ரப்பரைப் பிய்த்துத் தின்னும், மகனுக்குப் பயணத்திலேயே பிடித்த இடம் அதுதான், எனக்கு அந்த ரப்பரின் விலைதான் கண்ணில் தெரிந்தது.

பங்க்கில் டீசல் பெட்ரோலைவிட மலிவாகத் தெரியும், ஏமாறாதீர்கள். அங்கே டீசலுக்குச் சாலை வரி தனியாக, ஓடிய கிலோமீட்டருக்கு. 3.5 டன்னுக்குட்பட்ட டீசல் வண்டிக்கு நாங்கள் போனபோது 1000 கிலோமீட்டருக்கு 76 டாலர், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பில்லில் வந்து நிற்கும்.

தங்குவதில் எங்களுக்குச் சரிப்பட்டது இது: இரண்டு ராத்திரி அரசு கேம்ப்பில், மூன்றாம் ராத்திரி கரண்ட் உள்ள ஹாலிடே பார்க்கில். அங்கே துணி துவைத்து, வெந்நீரில் தாராளமாகக் குளித்து, கேசட்டைக் காலி செய்து, பேட்டரியை ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். கழிப்பறை பொருத்திச் சான்று வாங்கிய வண்டி என்றால் சும்மாவே தங்க அனுமதிக்கிற இடங்கள் உண்டு, ஆனால் எங்கே என்பதை ஊருக்கு ஊர் கவுன்சில்தான் முடிவு செய்கிறது. ஏரிக்கரை காலியாக இருக்கிறதே என்று நிறுத்தாதீர்கள், போர்டைப் படியுங்கள்.

அம்மாவால் டிரைவர் தலைக்கு மேலே இருந்த படுக்கைக்கு ஏணியில் ஏற முடியவில்லை, அதனால் தினம் ராத்திரி சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்கி, காலையில் மறுபடி மேசையாக்கினோம். அம்மா அதை ரயில் பெட்டி என்றே கடைசி வரை சொன்னார். வயசானவர்கள் கூட வந்தால் பின்பக்கம் நிரந்தரப் படுக்கை உள்ள மாடலாகப் பாருங்கள், வாடகை கூடினாலும் பரவாயில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியும் வேண்டாம். அடுத்த தடவை நான் இந்த இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் முன்பணம் கட்டுவேன்.