மிக்-21 காகித மாதிரி: சட்டம் வைத்துக் கட்டுவதா, வெறும் குழாயா?

1963-இல் இந்திய விமானப் படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற மிக்-21 போர் விமானத்தைத் தாளில் வரைந்து செய்ய நினைப்பவர்கள், முதலில் அதன் உடலை எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு வழி உண்டு. கெட்டி அட்டையில் குறுக்குச் சட்டங்கள் வெட்டி, நீள அட்டையில் கோத்து, மேலே தாளைப் போர்த்துவது ஒன்று. உள்ளே எதுவும் வைக்காமல், தாளைத் துண்டுத் துண்டாகச் சுருட்டிக் குழாயாக ஒட்டிக்கொண்டே போவது இன்னொன்று. இரண்டு விதமாகவும் செய்துவிட்டேன். மிக்-21-க்கு என் ஓட்டு குழாய்க்குத்தான்.

காரணம் அதன் உருவம். தாள் உருளையாகும், கூம்பாகும், ஆனால் உருண்டையாகாது. மிக்-21-இன் உடலோ பெரும்பாலும் உருளையும், கூம்பின் இடைக்கண்டமும், அதாவது நுனி வெட்டிய கூம்பும்தான். பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். அடி ஆரத்தைச் சாயுயரத்தால் வகுத்து 360-ஆல் பெருக்கினால் தாளில் வரைய வேண்டிய மையக்கோணம் வந்துவிடும். ஆரம் 1 செ.மீ., சாயுயரம் 4 செ.மீ. என்றால் 90 பாகை, அதாவது ஒரு கால் வட்டம். கணினியில் வடிவத்தை விரித்துக் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இந்த விமானத்துக்கு அவை கட்டாயமில்லை.

சட்ட முறையில் என்னைப் படுத்தியது தாளின் தடிமன். சட்டத்தின் ஆரம் கால் மில்லிமீட்டர் கூடினால் சுற்றளவு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும். என் முதல் மாதிரியில் அப்படித்தான் ஆனது. போர்த்திய தாள் சுற்றி வந்து சேரவில்லை, வயிற்றுப் பக்கம் வெள்ளைக் கோடாக வாய் பிளந்தது. சட்டத்தைத் தேய்த்துச் சிறிதாக்கினால் அடுத்த தொல்லை: இரண்டு சட்டங்களுக்கு நடுவே தாள் உள்வாங்கி, பட்டினி கிடந்த மாட்டின் விலா எலும்பு மாதிரித் தெரியும். மூக்கிலும் இடிக்கும். மிக்-21-இன் எஞ்சினுக்குக் காற்று போகும் வாய் மூக்கிலேயே திறந்திருக்கும், அதன் நடுவில் கூம்பு நிற்கும். அந்த வளைய இடைவெளிக்குள் எட்டிப் பார்த்தால் முதல் சட்டம் சுவராக மறைத்து நிற்கிறது.

குழாய் முறையில் இந்தத் தலைவலி கிடையாது. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் உள்பக்கமாக ஒரு பட்டை ஒட்டி, அடுத்த துண்டை அதன்மேல் செருக வேண்டும், அவ்வளவுதான். ஒட்டுக் கோடுகள் எல்லாம் வயிற்றின் நடுவே நேராக வருகின்றனவா என்று துண்டுக்குத் துண்டு பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அரை மில்லிமீட்டர் திரும்பினாலும் வால் வரை சேர்ந்துகொண்டே போய், கடைசியில் வால் சாய்ந்து நிற்கும்.

இறக்கை விஷயத்தில் மட்டும் சட்டத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். 1:33 அளவில், அதாவது நிஜ விமானத்தில் 33-இல் ஒரு பங்காகச் செய்தால், இறக்கையின் மொத்த அகலம் கிட்டத்தட்ட 21.7 செ.மீ. வெறும் குழாய் அதைத் தாங்காது, நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். அதனால் இறக்கை வரும் இடத்தில் மட்டும் இரண்டு சட்டம் வைத்து, ஓர் அட்டைப் பட்டையைக் குறுக்கே ஊடுருவ விடுகிறேன். பட்டையை நடுவில் லேசாக மடக்கினால், இறக்கைகள் கீழ்நோக்கிச் சாயும் அந்த 2 பாகையும் சரியாகக் கிடைக்கிறது.

அப்புறம் இந்தியாவிலேயே உருவான தேஜஸ் போர் விமானத்தைச் செய்யப்போகிறீர்கள் என்றால் கதையே வேறு. அதன் இறக்கை உடலோடு வழிந்து கலக்கிறது, குழாய் என்று சொல்ல அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. அதற்குச் சட்டம்தான்.