ஒரே சம்பளத்தில் பிள்ளைப்பேறு: யுனிவர்சல் கிரெடிட்டா, மெட்டர்னிட்டி அலவன்ஸா?

பிரிட்டனில் வாழும் தம்பதியரில் ஒருவர் மட்டுமே சம்பாதிக்க, மனைவி கருவுற்றிருக்கும்போது, அரசிடமிருந்து என்ன உதவித்தொகை கிடைக்கும் என்று தேடினால் பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் வந்து நிற்போம். ஒன்று, வீட்டின் மொத்த வருமானத்தையும் சேமிப்பையும் அளந்து மாதந்தோறும் தரப்படும் யுனிவர்சல் கிரெடிட். மற்றொன்று, தாயாகப்போகிறவர் அண்மையில் செய்த வேலையை மட்டும் பார்த்து, கணவரின் சம்பளத்தைப் பற்றிக் கேட்காமலேயே தரப்படும் மெட்டர்னிட்டி அலவன்ஸ். என் மனைவி பகுதிநேர வேலையை விட்ட பிறகு, என் சம்பளம் ஒன்றை மட்டும் நம்பியிருந்த நிலையில் நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். கீழே வரும் தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. ஏப்ரல் தோறும் அவை மாறும்.

எந்த வழியில் போனாலும் கிடைப்பவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். கர்ப்ப காலத்திலும் குழந்தை பிறந்து 12 மாதங்கள் வரையிலும் தாய்க்கு என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவையின் பல் சிகிச்சை இலவசம். இங்கிலாந்தில் உரிய விலக்குச் சான்றிதழ் இருந்தால் மருந்துச் சீட்டுக் கட்டணமும் இல்லை. குழந்தை பிறந்தபின் சைல்டு பெனிஃபிட் முதல் குழந்தைக்கு வாரம் 26.05 பவுண்டு, பெற்றோரில் ஒருவரின் ஆண்டு வருமானம் 60,000 பவுண்டைத் தாண்டினால்தான் அதில் ஒரு பகுதி வரியாகத் திரும்பிப் போகத் தொடங்கும். இதை வேலைக்குப் போகாதவர் பெயரில் விண்ணப்பிப்பதே நல்லது, ஏனெனில் குழந்தைக்கு 12 வயது ஆகும்வரை அவருடைய அரசு ஓய்வூதியக் கணக்கில் நேஷனல் இன்சூரன்ஸ் (அரசின் சமூகக் காப்பீடு) வரவு சேர்ந்துகொண்டே இருக்கும். பால், பழம், காய்கறி வாங்க உதவும் ஹெல்தி ஸ்டார்ட் அட்டையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். யுனிவர்சல் கிரெடிட் பெறும் வீட்டின் நிகர ஊதியம் மாதம் 408 பவுண்டுக்குள் இருந்தால்தான் அது கிடைக்கும் என்பதால், ஒருவர் முழுநேர வேலையில் இருக்கும் வீட்டுக்கு அது எட்டாது.

இனி யுனிவர்சல் கிரெடிட். கர்ப்பமாக இருப்பதற்கென்று அதில் தனித் தொகை எதுவும் கிடையாது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 25 வயது நிறைந்தவர் ஒருவரேனும் உள்ள தம்பதிக்கு அடிப்படைத் தொகை மாதம் 628.10 பவுண்டு, வாடகை வீடு என்றால் வாடகைக்கான பகுதி சேரும், குழந்தைக்கான 292.81 பவுண்டு பிறந்த பிறகுதான் சேரும். இந்தக் கூட்டுத்தொகையிலிருந்து கணவரின் நிகரச் சம்பளத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் கழிக்கப்படும். குழந்தை உள்ள வீட்டுக்கு, இந்தக் கழிவு தொடங்குமுன் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி கணக்கில் எடுக்காமல் விடப்படுகிறது: வாடகை உதவி பெறுவோருக்கு 411 பவுண்டு, பெறாதோருக்கு 684 பவுண்டு. குழந்தை பிறக்கும் நாள்வரை அந்தச் சலுகையும் இல்லை.

மாதம் 1,800 பவுண்டு நிகரச் சம்பளமும், 900 பவுண்டு வாடகை உதவிக்கான தகுதியும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறப்பதற்கு முன் மொத்தத் தகுதி 1,528.10 பவுண்டு, அதில் 990 பவுண்டு கழிந்து 538.10 பவுண்டு கைக்கு வரும். பிறந்த பிறகு மொத்தத் தகுதி 1,820.91 பவுண்டாக உயர்கிறது, கழிவு 763.95 பவுண்டாகக் குறைகிறது. கைக்கு வருவது 1,056.96 பவுண்டு. வாடகை உதவியே இல்லாத வீடு என்றால் பிறப்புக்கு முன் ஒரு பவுண்டும் இல்லை, பிறந்த பிறகு 307.11 பவுண்டு. ஆக, யுனிவர்சல் கிரெடிட் குழந்தை வந்த வீட்டுக்கு உதவுகிற அளவுக்குக் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்கு உதவுவதில்லை.

மெட்டர்னிட்டி அலவன்ஸின் கணக்கு முற்றிலும் வேறு. பிரசவம் எதிர்பார்க்கப்படும் வாரத்துக்கு முந்தைய 66 வாரங்களில் ஏதேனும் 26 வாரங்கள் தாய் வேலை செய்திருக்க வேண்டும். அந்த 66 வாரங்களில் 13 வாரங்களிலேனும் வாரம் 30 பவுண்டு அல்லது அதற்கு மேல் சம்பாதித்திருக்க வேண்டும். அந்த 26 வாரங்கள் தொடர்ச்சியாகவோ ஒரே முதலாளியிடமோ இருக்கத் தேவையில்லை. இப்போது வேலையில் இல்லை என்பதும் தடையில்லை. கிடைப்பது வாரம் 187.18 பவுண்டு, அல்லது சராசரி வார ஊதியத்தில் 90 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அது. 39 வாரங்களுக்கு, வருமான வரி இல்லாமல். முழுத் தொகையாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7,300 பவுண்டு. சராசரியை எடுக்கும் 13 வாரங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம்; அவையும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. பகுதிநேர வேலையில் வாரத்துக்கு வாரம் மணிநேரம் மாறுகிறவர்களுக்கு இது பெரிய நன்மை: ஓவர்டைம் செய்த வாரங்களின் சம்பளச் சீட்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டால், வாரம் 208 பவுண்டுச் சராசரியை எட்டி முழுத் தொகையையும் பெற வாய்ப்பு உண்டு. கர்ப்பத்தின் 26 வாரங்கள் நிறைந்ததும் விண்ணப்பிக்கலாம். மிட்வைஃப் (பேறுகாலச் செவிலியர்) அல்லது மருத்துவர் தரும் மேட்-பி1 சான்றிதழ் போன்ற, பிரசவ நாளுக்கான சான்று கட்டாயம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது தொகையின் அளவு அன்று. எதை வைத்துத் தகுதியை அளக்கிறார்கள் என்பதே. யுனிவர்சல் கிரெடிட் கணவன் மனைவி இருவரின் சேமிப்பையும் ஒன்றாகக் கூட்டுகிறது. 6,000 பவுண்டு வரை பேச்சில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும், அல்லது அதன் பகுதிக்கும், மாதம் 4.35 பவுண்டு வருமானம் வருவதாகக் கற்பனை செய்து கழிப்பார்கள். 16,000 பவுண்டைத் தாண்டினால் தகுதியே இல்லை. நம்மவர் பலர் கவனிக்கத் தவறுவது, இந்தக் கணக்கு பிரிட்டன் வங்கிகளோடு முடிந்துவிடுவதில்லை என்பதைத்தான். தஞ்சாவூரில் தந்தை எழுதிவைத்த மனையும், யாழ்ப்பாணத்தில் அண்ணன் தம்பிகளோடு பங்காக உள்ள காணியும், சென்னை வங்கியில் கிடக்கும் வைப்புத்தொகையும் மூலதனம்தான். விற்றால் என்ன கிடைக்குமோ அந்த மதிப்பில், நம் பங்குக்கு ஏற்ப, அவை சேரும்; விண்ணப்பத்தில் அவற்றைச் சொல்லாமல் விட்டால் பிற்பாடு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். தாலி, வளையல் முதலிய நகைகள் மட்டும் சொந்த உடைமை என்ற வகையில் வந்து கணக்கிலிருந்து தப்பிவிடுகின்றன. தகுதியை உண்டாக்கிக்கொள்வதற்கென்றே பணத்தை நகையாக மாற்றினால் அந்த விலக்கு நிற்காது. நிலத்தின் மதிப்பு ஊரில் உறவினருக்குள்ளேயே தீராத பேச்சு. அதை இங்குள்ள அலுவலரிடம் பவுண்டில் சொல்லி நிறுவும் வேலையை எட்டாம் மாதத்தில் யார் செய்வது?

வயதான பெற்றோர் குடியிருக்கும் வீட்டுக்கு விதியில் ஒரு விலக்கு உண்டு. நெருங்கிய உறவினர் ஓய்வூதிய வயதை எட்டியவராகவோ வேலை செய்ய இயலாதவராகவோ இருந்து, அந்த வீட்டைத் தம் இல்லமாகக் கொண்டிருந்தால் அதன் மதிப்பு சேர்க்கப்படாது. கடல்கடந்த வீடு ஒன்றுக்கு அந்த விலக்கைக் கோரிய அனுபவம் எங்களுக்கு இல்லை. அப்படிப்பட்ட சொத்து இருப்பவர்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்னும் இலவச ஆலோசனை அமைப்பின் அலுவலகத்தில் பேசிவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

மெட்டர்னிட்டி அலவன்ஸுக்கு இந்தக் கேள்விகள் எதுவுமே இல்லை. சேமிப்பு எவ்வளவு, நிலம் எங்கே, கணவரின் சம்பளம் என்ன என்று விண்ணப்பம் கேட்பதில்லை. கணவருக்கு நடுவில் சம்பளம் உயர்ந்தாலும், ஓவர்டைம் வந்தாலும், தொகை குறைவதில்லை. யுனிவர்சல் கிரெடிட் மாதாமாதம் ஏறி இறங்கும். வாரச் சம்பளக்காரருக்குச் சில மாதங்களில் ஐந்து சம்பளம் ஒரே கணிப்புக் காலத்தில் (தொகையைக் கணக்கிட எடுக்கும் ஒரு மாதத்தில்) விழுந்து உதவி சுருங்கிவிடும். முதல் தொகை கைக்கு வர ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆகும். அதற்குள் தேவைப்பட்டால் கிடைப்பது திருப்பிச் செலுத்த வேண்டிய முன்பணம். மேலும், மெட்டர்னிட்டி அலவன்ஸ் தாயின் உழைப்புக்காகத் தாயின் கணக்குக்கே வருகிறது. இது என் மனைவிக்கு முக்கியமாக இருந்தது; எனக்கும்தான்.

இரண்டையும் சேர்த்தே வாங்கலாமே என்று கேட்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மெட்டர்னிட்டி அலவன்ஸை யுனிவர்சல் கிரெடிட் உழைக்காமல் வரும் வருமானம் என்று வகைப்படுத்தி, பவுண்டுக்குப் பவுண்டு கழித்துவிடுகிறது. மேலே சொன்ன வாடகை வீட்டுக்கே திரும்புவோம். வாரம் 187.18 பவுண்டு என்பது மாதம் 811.11 பவுண்டு. பிறப்புக்கு முன் 538.10 பவுண்டுக்குப் பதிலாக 811.11 பவுண்டு வரும். மாதம் 273 பவுண்டு இலாபம். பிறந்த பிறகு யுனிவர்சல் கிரெடிட் 245.85 பவுண்டாகச் சுருங்கி, மொத்தம் அதே 1,056.96 பவுண்டில் நிற்கும், இலாபம் ஒன்றுமில்லை. ஆகவே இத்தகைய வீட்டில் 39 வாரங்களைக் கூடுமானவரை பிறப்புக்கு முன்னே நகர்த்துவதுதான் கெட்டிக்காரத்தனம். பிரசவ வாரத்துக்கு 11 வாரங்கள் முன்பே தொகை தொடங்கலாம்; அந்த நேரத்தில் வேலையில் இல்லாதவருக்கு அப்போதே தொடங்கிவிடும், வேலையில் இருப்பவர் தாமே நாளைத் தள்ளிப்போடலாம். வாடகை உதவி இல்லாத வீட்டுக்கு இந்தக் கவலை குறைவு; அங்கே பிறந்த பிறகும் மெட்டர்னிட்டி அலவன்ஸே ஐந்நூறு பவுண்டு முன்னே நிற்கிறது.

ஆனால் இன்னும் வேலையை விடாதவர்களுக்கு, இந்த இரண்டையும்விட மேலான மூன்றாவது வழி ஒன்று உண்டு: முதலாளி வழியாக வரும் ஸ்டாட்யூட்டரி மெட்டர்னிட்டி பே. பிரசவ வாரத்துக்கு முந்தைய 15-ஆவது வாரம்வரை அதே முதலாளியிடம் 26 வாரங்கள் தொடர்ந்து வேலை செய்து, சராசரியாக வாரம் 125 பவுண்டு பெற்றவருக்கு அது உரிமை. முதல் ஆறு வாரங்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு. பின்னர் 33 வாரங்கள் மெட்டர்னிட்டி அலவன்ஸைப் போன்ற தொகை. யுனிவர்சல் கிரெடிட் இதைச் சம்பளமாகவே கருதுவதால் பவுண்டுக்கு 55 பென்ஸ் மட்டுமே கழியும். அதே வாடகை வீட்டில், வரிப் பிடித்தம் இல்லாத நிலையில், மாதம் 365 பவுண்டு கூடுதலாகத் தங்கும். அந்த 15-ஆவது வாரத்துக்குப் பிறகு வேலையை விட்டாலும் இந்த உரிமை போகாது. முதலாளிக்கும் இதில் பெரிய இழப்பில்லை; 92 விழுக்காட்டை அரசிடமிருந்து திரும்பப் பெறுவார், சிறு நிறுவனம் என்றால் முழுவதையும் அதற்கு மேலும் பெறுவார். உடம்பு இடங்கொடுக்குமானால், வேலையை விடும் நாளை முடிவு செய்யுமுன் அந்த வாரத்தை நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது.

விசாவில் இருப்பவர்களுக்குத் தேர்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது எனலாம். பொது நிதி பெற உரிமையில்லை என்ற நிபந்தனை உள்ளவருக்கு யுனிவர்சல் கிரெடிட்டும் சைல்டு பெனிஃபிட்டும் கிடையா. மெட்டர்னிட்டி அலவன்ஸும் முதலாளி தரும் மகப்பேற்று ஊதியமும் பொது நிதி என்று வகுக்கப்பட்டவற்றின் பட்டியலில் இல்லாதவை. பிரிட்டனில் சட்டப்படி வேலை செய்து தகுதி பெற்ற மனைவி அவற்றை அச்சமின்றிக் கோரலாம். ஒருவருக்கு மட்டும் அந்த நிபந்தனை இருந்தால், மற்றவர் யுனிவர்சல் கிரெடிட் கோரலாம். அடிப்படைத் தொகை தனி நபருக்கு உரியதாக இருக்கும், வருமானமும் சேமிப்பும் மட்டும் இருவருடையதும் கணக்கில் வரும்.

சுயதொழில் வழியை நாங்கள் நேரில் கண்டதில்லை; விதியாக அறிந்ததைச் சொல்கிறேன். சொந்தத் தொழில் செய்யும் பெண்ணுக்கு முழுத் தொகை கிடைப்பது அவருடைய இரண்டாம் வகுப்பு (சுயதொழில் செய்வோருக்கு உரிய) நேஷனல் இன்சூரன்ஸ் பங்களிப்பைப் பொறுத்தது. அது போதாவிட்டால் வாரம் 27 பவுண்டுதான். கணவரின் சொந்தக் கடையில் சம்பளமில்லாமல் நின்று உழைத்த மனைவிக்கும் 14 வாரங்களுக்கு வாரம் 27 பவுண்டு கேட்க இடமுண்டு. சிறிய தொகைதான்; ஆனாலும் கல்லாவில் நாளெல்லாம் நின்றும் கணக்கில் பெயரில்லாத பெண்கள் நம்மிடையே பலர் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

யுனிவர்சல் கிரெடிட் பக்கம் மனமார விட்டுக்கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் குழந்தைக்கு ஒரே முறை தரப்படும் 500 பவுண்டு ஷ்யூர் ஸ்டார்ட் மெட்டர்னிட்டி கிராண்ட், யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவிகளைப் பெறுவோருக்கே கிடைக்கும். மெட்டர்னிட்டி அலவன்ஸ் மட்டும் பெறும் வீட்டுக்கு இல்லை. ஸ்காட்லாந்தில் அதற்கு வேறு திட்டம் உண்டு. பிரசவத்துக்கு 11 வாரங்கள் முன்பிருந்து குழந்தை பிறந்து ஆறு மாதங்கள்வரை இந்த 500 பவுண்டைக் கோரலாம். கர்ப்ப காலத்தில் மெட்டர்னிட்டி அலவன்ஸால் யுனிவர்சல் கிரெடிட் பூச்சியமாகிப்போன வீட்டிலும், குழந்தை பிறந்தபின் குழந்தைக்கான தொகையும் சம்பளச் சலுகையும் சேர்ந்து சிறு தொகையேனும் தேறக்கூடும். சேமிப்பு 16,000 பவுண்டுக்குள் இருப்பவர்கள் பிறப்புப் பதிவு முடிந்தவுடன் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, அந்த ஆறு மாதக் கெடு முடிவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.