செப்டம்பர் கங்கையில் நான்கு நாள் காயாக் பயிற்சி: ஒரு மதிப்பீடு

கடந்த செப்டம்பர் மூன்றாம் வாரத்தில், கங்கையில் மழைக்கால நீர் இன்னும் இறங்காத நேரத்தில், ரிஷிகேஷுக்கு மேலே சிவபுரியில் நடந்த நான்கு நாள் காயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் சிறு படகு) பயிற்சி ஒன்றில் கலந்துகொண்டேன். நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். அவர்களிடம் கண்ட ஒரு குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது அவர்களுக்கு மட்டுமே உரிய குறையாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆற்றை எடைபோடுவதில் இவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். கரையில் நடக்கும் வேலைகளுக்குப் பாதிக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கும். கோயம்புத்தூரில் ஒரு நீச்சல் குளத்தில் ரோல், அதாவது கவிழ்ந்த காயாக்கை அதில் இருந்தபடியே நிமிர்த்தும் வித்தை, கற்றுக்கொண்டு, இரண்டு பருவமழைக் காலங்களில் கோழிக்கோடு மாவட்டத்தின் சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் எளிய பகுதிகளில் மட்டும் காயாக் ஓட்டியவள் நான். மலபார் நதித் திருவிழா நடக்கும் அந்த ஆறுகள் குறுகலானவை, பாறை நிறைந்தவை. அங்கே தவறு செய்தால் முழங்கையோ முட்டியோ பாறையில் அடிபடும், ஆனால் நான்கைந்து வீச்சு நீந்தினால் கரை கைக்கு வந்துவிடும். கங்கை இதற்கு நேர்மாறானது. பாறைகள் பெரும்பாலும் ஆழத்தில் கிடக்கின்றன; பயமுறுத்துவது நீரின் கனமும் கரையின் தூரமும்தான். கேரளத்து ஆற்றில் கற்றது இங்கே அப்படியே உதவும் என்று நினைத்துப் போன எனக்கு முதல் நாள் காலையிலேயே அந்த எண்ணம் கலைந்தது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தப் பகுதியில் படகு விட அரசு அனுமதிப்பதில்லை. செப்டம்பரில் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு, பொதுவாகக் கீழ்ப் பகுதிகளை முதலிலும் மேல் பகுதிகளைப் பிறகும் திறக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆறு பழுப்பாக, வண்டல் கலந்து ஓடுகிறது. காயாக்கில் அசையாமல் உட்கார்ந்தால், வாணலியில் ரவை வறுபடுவது போன்ற சன்னமான ஓசை அடிப்பக்கத்திலிருந்து கேட்கும். வண்டல் மணல் பிளாஸ்டிக்கை உரசிச் செல்லும் ஓசை அது. நீர் ஏறினால் எல்லா ரேபிட்டும் (நீர் நுரைத்து அலையடித்துப் பாயும் இடம்) கடினமாகிவிடும் என்பது சரியல்ல. சிறிய ரேபிட்கள் நீருக்கடியில் அமுங்கி அடையாளம் இல்லாமல் போகின்றன; பெரியவை மேலும் பெரிதாகின்றன. இரண்டுக்கும் நடுவே, வழக்கமாகத் தெளிந்து ஓடும் இடங்களில்கூட அடியிலிருந்து நீர் கொப்புளித்து எழுவதும், எங்கிருந்தோ ஒரு சுழி தோன்றி நாலைந்து நொடியில் மூடிக்கொள்வதும் நிகழ்கின்றன. ரேபிட்டைத் தாண்டிய நிம்மதியில் துடுப்பைத் தளர்த்துகிறவர்கள் கவிழ்வது இந்த இடங்களில்தான். நான் இரண்டு முறை கவிழ்ந்தேன்.

நீர்மட்டம் மழையை மட்டும் நம்பி ஏறி இறங்குவதில்லை. தேவப்பிரயாகையில் சேரும் இரு ஆறுகளில் பாகீரதியின் குறுக்கே 260 மீட்டர் உயரத் தெஹ்ரி அணையும், அலக்நந்தாவில் ஸ்ரீநகர் மின்திட்டமும் இருக்கின்றன. மேலே மின் உற்பத்திக்காக எவ்வளவு நீர் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் ஆறு வேறாகிவிடும். இதற்கு எங்கள் தலைமைப் பயிற்சியாளர் வைத்திருந்த கருவி ஒரு மூங்கில் குச்சி. முதல் நாள் மாலை, வழக்கமாக வெண்மணல் விரிந்திருக்கும் இடத்தில் நீர் தொட்டுக்கொண்டிருந்த விளிம்பில் அதை ஊன்றி, சாண் கணக்கில் கத்தியால் கோடு கிழித்தார். மறுநாள் விடியற்காலையில் தேநீர் டம்ளரோடு போய்ப் பார்த்தபோது இரண்டு கோடுகள் நீருக்குள் இருந்தன. கைப்பேசியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் நால்வரும் அன்றிலிருந்து குச்சியைப் பார்க்கத் தொடங்கினோம்.

அவர் நேபாளத்துக்காரர், நாற்பது வயதைக் கடந்தவர். நேபாளியில் அண்ணனை அழைக்கும் சொல் தமிழ்க் காதில் ஏறக்குறைய ‘தாய்’ என்றே விழுகிறது. மீசை வைத்த மனிதரைப் போய்த் தாய் என்று கூப்பிட முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் அவர் என்னைச் சுழியிலிருந்து இழுத்துவிட்ட பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது. என்னை அவர் ‘தீதி’ (அக்கா) என்றார். பயிற்சி இந்தியிலும் ஆங்கிலத்திலும் கலந்தே நடக்கிறது. இந்தி தெரியாத நம்மவர்கள் இதற்காகத் தயங்க வேண்டியதில்லை, ஏனென்றால் தண்ணீரின் இரைச்சலில் எந்த மொழியும் காதில் விழுவதில்லை. துடுப்பை நிமிர்த்திப் பிடித்தால் வரலாம், கிடையாகப் பிடித்தால் நில், தலையைத் தொட்டால் நலமாக இருக்கிறேன், விசில் மூன்று முறை ஒலித்தால் ஆபத்து என்ற சைகைகளைக் கரையில் நிற்க வைத்து அரை மணி நேரம் மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

முதல் இரண்டு நாள் பயிற்சியில் பெரும்பகுதி எடியில் கழிந்தது. பாறைக்கோ கரை முனைக்கோ பின்னால் நீர் எதிர்த்திசையில் திரும்பித் தேங்கும் இடத்தைத்தான் எடி என்கிறார்கள்; ரேபிட்டுக்கு நடுவே மூச்சு வாங்க ஆற்றில் கிடைக்கும் திண்ணை என்று சொல்லலாம். குறைந்த நீரில் எடிக்கும் ஓட்டத்துக்கும் இடையே உள்ள எல்லை ஒரு கோடுபோல் இருக்கும். பெருநீரில் அது ஒரு ஆள் அகலத்துக்கு விரிந்து, கொதித்துக்கொண்டு, சில இடங்களில் ஒரு முழம் உயரத்துக்கு மேடாகவே நிற்கிறது. அந்த மேட்டை வேகம் இல்லாமல் தாண்ட முயன்றால் படகின் முனை ஓட்டத்திலும் பின்பகுதி எடியிலுமாகச் சிக்கி, காயாக் பம்பரமாகச் சுற்றும். ஓட்டத்துக்குள் நுழையும் கணத்தில், நீர் வந்து மோதும் பக்கத்து விளிம்பை இடுப்பால் உயர்த்திப் பிடிக்க வேண்டும். அந்த விளிம்பு தாழ்ந்தால் ஓட்டம் அதன்மேல் ஏறி, கண்ணிமைப்பதற்குள் கவிழ்த்துவிடும். இது எனக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் எத்தனை கோணத்தில், எத்தனை வேகத்தில், எவ்வளவு நேரம் உயர்த்தியே வைத்திருப்பது என்பதை ஒரே எடியில் அன்று நாற்பது முறையாவது திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். சலிப்பாக இருந்தது என்று எங்கள் குழுவில் ஒருவர் குறைபட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்த காசு செரித்தது அந்த எடியில்தான்.

மூன்றாம் நாள் நிகழ்ச்சி நிரலில், மேலே ஆற்றோரம் மரைன் டிரைவ் என்று அழைக்கப்படும் இடத்திலிருந்து சிவபுரி வரை இறங்குவது என்று போட்டிருந்தார்கள். நீர் இடம் கொடுத்தால் இன்னும் மேலே ‘தி வால்’ (The Wall, சுவர்) ரேபிட்டையும் பார்க்கலாம் என்று முன்பதிவின்போது ஆசை காட்டியிருந்தார்கள். அன்று காலை குச்சியில் நான்கு கோடுகள் நீருக்குள் போயிருந்தன. பயணத்தை ரத்து செய்வதாகப் பயிற்சியாளர் சொன்னதும், பெங்களூரிலிருந்து வந்திருந்த இளைஞர் தான் செலுத்திய பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பயிற்சியாளர் பதில் சொல்லவில்லை. எங்கள் நால்வரையும் ஜீப்பில் ஏற்றி, ஆற்றை ஒட்டி மேலேறும் பத்ரிநாத் சாலையில் அழைத்துப்போய், தி வால் தெரியும் ஒரு வளைவில் நிறுத்தினார். பேருக்கேற்றபடி, ஆற்றின் பெரும்பகுதி அங்கே சுவர்போல் நிற்கும் பாறையை நோக்கிச் சாய்ந்து போய் மோதித் திரும்புகிறது. மேலிருந்து பார்த்தபோது அலையின் உயரம் தெரியவில்லை. எல்லாம் வெறும் நுரையாகவே தெரிந்தது. சற்று நேரத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. அது நுரைக்குள் நுழைந்து மறைந்த பிறகு நான் மனத்துக்குள் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று எண்ணியபோது, எதிர்பார்த்த இடத்துக்கு வெகு கீழே, செங்குத்தாக நிமிர்ந்து வெளியே வந்தது. பெங்களூர் இளைஞர் பணத்தைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை. திரும்பி வந்து மாலை வரை கயிறு வீசி மீட்கும் பயிற்சி நடந்தது.

கட்டணம் வாங்கிக்கொண்டு, வாக்குக் கொடுத்த பகுதியில் இறக்காமல் விட்டார்களே என்று இதைக் குறையாக எழுதுகிறவர்கள் உண்டு. நான் இதைத்தான் இந்தச் சேவையின் முதல் சிறப்பாகக் கருதுகிறேன். நான்கு மாணவர்களுக்குக் காயாக்கில் இரண்டு பயிற்சியாளர்கள், கூடவே மீட்புக்கென்று ஆட்களோடு ஒரு ராஃப்ட் (காற்றடைத்த பெரிய ரப்பர் படகு) என்ற ஏற்பாடும் மலிவானதல்ல. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது அந்த ராஃப்டில்தான். முன்பதிவு செய்யும்போதே அதைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

நான்காம் நாள் நீர் இரண்டு சாண் இறங்கியிருந்தது. சிவபுரியில் இறங்கி பிரம்மபுரி வரை போவது என்று முடிவானது. ரிடர்ன் டு சென்டர் (Return to Sender), ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் ஆகிய ரேபிட்கள் இந்தப் பகுதியில் வருகின்றன. ரேபிட்டின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை அளக்கும் வரிசையில், வழக்கமான நீரில் மூன்றிலிருந்து நான்காம் தரம் வரை மதிப்பிடப்படுபவை. முதலாவதை நன்றாகவே கடந்தேன். ரோலர் கோஸ்டரில் மூன்றாவது அலையின் உச்சியில் ஏறும்போதே அது என்மேல் மடியப்போகிறது என்று தெரிந்தது. மடிந்தது. அடுத்த கணம் தொடைமேல் ஐஸ் கட்டிபோல நீர் விழுந்ததை உணர்ந்தேன். ஸ்ப்ரே ஸ்கர்ட், அதாவது இடுப்பையும் படகின் வாயையும் இணைத்து நீர் புகாமல் மூடும் ரப்பர் உறை, கழன்றுவிட்டது. நீர் நிறைந்த காயாக் கவிழ்ந்தால் ரோல் செய்து நிமிர்த்துவது மிகவும் கடினம். இரண்டு முறை முயன்றுவிட்டு வெளியேறினேன். அதற்குப் பிறகு அரை கிலோமீட்டர் நீந்தினேன் என்றார்கள். நீந்தினேன் என்பதைவிட ஆறு என்னைக் கொண்டுபோனது என்பதே சரி. ஒரு சுழி என்னைக் காலைப் பிடித்து இழுப்பதுபோல் உள்ளே கொண்டுபோனது. பழுப்பு நிறம் கருமையாக மாறியதும், லைஃப் ஜாக்கெட் தோள்பட்டையில் இறுகி என்னை மேலே தூக்கியதும் நினைவிருக்கின்றன. தலை வெளியே வந்தபோது பயிற்சியாளரின் காயாக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பின்முனை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, காலை உதைக்கச் சொல்லி, ஒரு எடிக்குள் சேர்த்தார். என் காயாக்கையும் துடுப்பையும் ராஃப்டில் இருந்தவர்கள் பிடித்து வைத்திருந்தார்கள்.

என் மனத்தாங்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அன்று காலையில் எனக்குக் கொடுத்த ஸ்கர்ட் படகின் விளிம்பில் தொளதொளவென்று இருந்தது. முழங்காலால் உள்ளிருந்து இடித்துப் பார்த்தபோதே எளிதாகக் கழன்றது. உபகரணங்களை வழங்கிய பையனிடம் காட்டினேன். ‘சலேகா’ என்றான், ஓடும் என்று பொருள். பயிற்சியாளர் அப்போது ஜீப்பில் படகுகளை ஏற்றிக்கொண்டிருந்தார், நானும் வற்புறுத்தவில்லை. ஆற்றில் இதைச் சொன்னபோது, ராஃப்டில் கட்டியிருந்த நீர்புகாப் பையைத் திறந்து, என் படகுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும் இன்னொரு ஸ்கர்ட்டை எடுத்துக் கொடுத்தார்கள். சரியானது கையிருப்பிலேயே இருந்திருக்கிறது! அதைக் காலையிலேயே கொடுத்திருந்தால் அந்த நீச்சல் தேவைப்பட்டிருக்காது. குச்சியில் சாண் கணக்குப் பார்க்கும் ஒரு நிறுவனம், மாணவரின் இடுப்பில் கட்டும் பொருளை ஒரு முறை இழுத்துப் பார்க்காதது வியப்பாக இருந்தது. நியாயமாகச் சொன்னால், ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் தரமானவை. ஜாக்கெட்டின் பட்டைகளைத் தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு முறையும் பயிற்சியாளரே இழுத்துச் சரிபார்த்தார். அதே கை இன்னும் ஒரு சாண் கீழே போயிருக்கலாம்.

புது ஸ்கர்ட்டோடு கோல்ஃப் கோர்ஸைக் கடந்தேன். நடுவிலிருந்த பெரும் அலைகளை ஒதுக்கி, ஓரமாகப் பயிற்சியாளரின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்டியதால் அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. கவிழவில்லை.

கரையில் கிடைத்தவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூடாரங்கள் ஆற்றை விட்டு மேலே, சாலைக்கு அருகில் இருக்கின்றன; நான்கு நாளும் மெத்தை ஈரமாகவே இருந்தது. பெண்கள் உடைமாற்ற ஒரு தனியிடம் ஆற்றங்கரையில் இல்லை, துண்டைச் சுற்றிக்கொண்டு சமாளிக்க வேண்டும். சாப்பாடு சோறு, ரொட்டி, ராஜ்மா, உருளைக்கிழங்கு என்று சுற்றிச் சுற்றி வந்தது. சுவை நன்றாகவே இருந்தது, ஆனால் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் ஊறுகாய் கொண்டுபோனவள் புத்திசாலி என்று நான் அன்றாடம் என்னை மெச்சிக்கொண்டேன். தங்குமிடம், உணவு, உபகரணம் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் வாங்கினார்கள். காணொலிக்குத் தனியாக 1,500 ரூபாய் கேட்டார்கள். நான் கவிழ்ந்த காட்சியை விலை கொடுத்து வாங்க விருப்பமில்லாததால் மறுத்துவிட்டேன்.

ரோல் உறுதியாக வராதவர்கள் செப்டம்பரில் இந்தப் பயிற்சிக்குப் போகக் கூடாது. காயாக்கில் புதிதாக உட்காருகிறவர்களுக்கு நவம்பர் பொருத்தமானது. நீர் இறங்கித் தெளிந்து, மணற்கரைகள் வெளியே வந்திருக்கும், கவிழ்ந்தாலும் கரை அருகில் இருக்கும். ஓரளவு ஓட்டத் தெரிந்து, பெருநீர் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர்கள் செப்டம்பர் கடைசியில் தாராளமாகப் போகலாம். ஆனால் ஸ்கர்ட்டை இரவலாக வாங்கினால், கரையில் வைத்தே அணிந்து, படகின் விளிம்பில் மாட்டி, உள்ளிருந்து முழங்காலால் இடித்துப் பார்த்து, கழன்றால் வேறு தரும்வரை ஜீப்பில் ஏறாதீர்கள். அதே பயிற்சியாளரிடம் வரும் நவம்பருக்கு நான் மறுபடியும் பதிவு செய்திருக்கிறேன். ஸ்கர்ட்டை மட்டும் இந்த முறை நானே வாங்கிவிட்டேன்.